வாளை இறக்கிய சொல்

முன்னொரு காலத்தில், மழை ஓய்ந்தும் போர் ஓயாத ஒரு பாசறையில் சடையாண்டி என்ற விகடன் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் கிளம்பி வந்த பிறகு பிறந்தவள் அவன் மகள். பல் முளைத்துவிட்டதாம், உப்பு வணிகன் சொல்லிப் போனான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அரசரோ, "எந்தப் பகைவனும் இந்த வாளை என் கையிலிருந்து இறக்க முடியாது!" என்று சபதம் செய்து, வாளும் கேடயமுமாகவே உட்கார்ந்திருந்தார். உண்ணும்போதும் சேவகன் ஊட்டிவிட வேண்டும்.

குதிரை விற்க வந்த ஆங்கிலேயன் ஒருநாள், "படைக்கலம் களைவதற்கு 'ஆயுதத்தைக் கீழே வை' என்று எங்கள் நாட்டில் ஒரு பழஞ்சொல் உண்டு. அது பிறந்த கதை எனக்கே தெரியாது" என்றான்.

அந்தக் கதையைக் கேட்க அரசருக்கு ஆசை பிறந்தது. சேனாபதி வச்சிரவேலனுக்கு விகடனை மடக்க வழி பிறந்தது. "விகடர் சொல்லட்டும் அரசே. சொன்னால் ஊருக்குப் போகட்டும். தவறினால் பகைவர் கோட்டை விழும்வரை இங்கேயே கிடக்கட்டும்."

சடையாண்டி நேரே துணி வெளுக்கும் காத்தாயியிடம் போனான்.

"பிள்ளையைக் கொஞ்சம் குடு தாயி."

"கீழ போட்டே, மண்டைய உடைச்சிருவேன், ஆமா!"

"போடமாட்டேன். அரசருக்கும் வீட்டுல ஒண்ணு இருக்கு."

சபைக்கு வந்தவன் அரசரின் மடியருகே குழந்தையை நீட்டி, "ஐயோ, வழுக்குகிறதே! பிடியுங்கள் அரசே!" என்று அலறினான்.

வாள் ஒரு பக்கம் விழுந்தது. கேடயம் ஒரு பக்கம் உருண்டது. குழந்தை அரசரின் மார்பில் ஏறி மீசையைப் பிடித்துக்கொண்டது.

"இதுதான் அந்தச் சொல்லின் பொருள்" என்றான் சடையாண்டி. " பிறந்த கதையும் இதுவே. எந்த நாடானால் என்ன? சண்டையிலிருந்து திரும்பியவனிடம், 'அதக் கீழ வச்சிட்டுப் பிள்ளையப் பிடி'ன்னு எவளோ ஒருத்தி சொல்லியிருப்பாள்."

"சபதம் முறிந்தது!" என்று சீறினான் வச்சிரவேலன்.

"எப்படி? பகைவன் இறக்கக் கூடாது என்பதுதானே சபதம்? இவள் பகைவனா, சேனாபதியாரே?"

அரசர் குழந்தையின் உச்சியை முகர்ந்தார். "என் மகனும் இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பான், இல்லையா?" என்றார். அதற்குள் மடி நனைந்தது. அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பிலேயே கண்ணும் நனைந்தது.

"கூடாரங்களைப் பிரியுங்கள்! எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்!"

காத்தாயிக்குப் பட்டும், விகடனுக்கு முத்துமாலையும் ஒரு குதிரையும் கிடைத்தன. மாலையைச் சடையாண்டி கையில் வைத்துக்கொள்ளவில்லை. மடியில் முடிந்துகொண்டான், வீட்டு வாசலில் இறங்கும்போது இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டுமே என்று.