அணைக்காத லாரி

"நாப்பது நாளாக் கண்ணு மூடல சாமி! மூணு வருஷமா ஒம்ம சிஷ்யன்னு விபூதி பூசிக்கிட்டுத் திரியிறேனே, இதான் பலனா?"

லாரி டிரைவர் மாசிலாமணி மடத்து வாசல்ல நின்னு கத்துனான். வயசு அம்பத்திரண்டு. கண்ணு ரெண்டும் பழுத்த மொளகா.

உள்ள இருந்த ஊமைச்சாமிக்கு முப்பதுகூட ஆகல. பேருதான் ஊமை. தேவைன்னா பேசுவாரு, தேவையில்லன்னா கேலி பண்ணுவாரு.

"படுக்கப் போறப்ப பால் குடிச்சியா டிரைவரே?"

"குடிச்சேன். எண்ணெ தேச்சுக் குளிச்சேன். போனை அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடினேன். பொண்டாட்டிய அடுத்த ரூமுக்கு அனுப்பினேன். அவ நல்லாத் தூங்குறா!"

"நீ?"

"படுத்ததும் மொதலாளி வந்துர்றான், தலைக்குள்ள. லாரிக்குப் பேட்டரி மாத்திக் குடுய்யான்னு நாலு மாசமாக் கேக்குறேன். பாக்கலாம் பாக்கலாங்கிறான். விடிய விடிய அவன்கூடச் சண்டை. எல்லாச் சண்டையிலயும் நான்தான் ஜெயிக்கிறேன். காலைல போயி வணக்கம் மொதலாளின்னு நிக்கிறேன்."

சாமி சிரிச்சாரு.

மாசிலாமணிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"சிரிக்காதீரு! நேத்து பாலத்துல கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கிட்டேன். எதுத்தாப்ல ஸ்கூல் வேன். ஒரு சாண்ல தப்பிச்சுச்சு. அதுல ஒரு புள்ள எனக்கு டாட்டா காட்டுது சாமி! நாளைக்கு மறுபடி நான் வண்டி எடுக்கணும்."

சாமி சிரிப்பு நின்னுச்சு.

"அது என்ன சத்தம்?"

"என் லாரி. வாசல்ல நிக்குது."

"எப்பலேருந்து ஓடுது?"

"காலைலேருந்து. அணைச்சா திரும்ப எடுக்காது, பத்துப் பேரு தள்ளணும். நான் சோறு திங்கும்போதும் அது ஓடும்."

சாமி எந்திரிச்சாரு. வெளிய போயி லாரியில ஏறினாரு. சாவியத் திருகி உருவி இடுப்புல சொருகிக்கிட்டாரு.

லாரி ஒரு இருமல் இருமிட்டு அடங்குச்சு.

"யோவ்! இப்ப எவன்யா தள்ளுவான்? ஒன் தாடி தள்ளுமா?"

"நாலு மணிக்குப் பூசை. நாப்பது பேரு வருவாங்க."

"இப்ப மணி பன்னெண்டு! அதுவரைக்கும் நான் என்ன பண்ண?"

சாமி உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாரு.

மாசிலாமணி கதவத் திட்டினான். கதவுக்குப் பின்னாடி இருந்த தாடியத் திட்டினான். லாரி நெழல்ல சாக்க விரிச்சு மல்லாந்தான். எங்கயோ ஒரு புறா முனகுச்சு. அதையும் திட்டினான்.

அப்புறம் தலைக்குள்ள இருந்த மொதலாளிகிட்ட வந்தான். பேட்டரின்னு சொல்ல ஆரம்பிச்சவன், 'பே'யோட நின்னுட்டான்.

நாலு மணிக்குக் கூட்டம் வந்துச்சு. சாமி சாவியோட வெளிய வந்தாரு.

"இந்த லாரியக் கொஞ்சம் தள்ளணும். அவசரமில்ல, பூசை முடியட்டும்."

பூக்கூடைக்காரம்மா காதக் குடுத்துக் கேட்டாங்க.

"எதுக்குச் சாமி தள்ளணும்? எஞ்சின்தான் கொர்ருகொர்ருன்னு ஓடிக்கிட்டு இருக்கே?"

"இல்ல தாயி," ன்னாரு சாமி. "இன்னைக்குத்தான் நின்னுச்சு."