நாற்பத்திரண்டாவது குறை

கோயமுத்தூருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. அதில் ரேஸ் வண்டி ஓட்டப் பழக்குகிறவள் சுகந்தி. நிஜ வண்டியில் இல்லை. மூன்று திரை, ஒரு சீட்டு, ஒரு ஸ்டியரிங். கம்ப்யூட்டர் விளையாட்டுதான்.

அவளிடம் பழக வந்தவர் மாரப்பன். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். குருவைவிடப் பத்து வயசு பெரியவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. திரையில் யார் வேகமாகச் சுற்றி வருகிறார்களோ அவருக்கு நிஜ ரேஸ் வண்டி ஓட்டக் கிடைக்கும். நாற்பது வயசுக்கு மேலே சேர்க்க மாட்டார்கள். மாரப்பனுக்கு அடுத்த மாசம் நாற்பது முடிகிறது. இதை விட்டால் இல்லை.

இதுவரைக்கும் அவர்தான் முதலில் இருந்தார். அரை நொடி வித்தியாசத்தில். அந்த அரை நொடி அவரைத் தூங்க விடவில்லை.

விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். என்ன குறை இருந்தாலும் வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்குள் எழுதி அனுப்புங்கள், போட்டிக்கு முன்னால் சரி பண்ணிவிடுகிறோம் என்று.

வெள்ளிக்கிழமை காலையில் மாரப்பன் ஒரு தாளை நீட்டினார். இரண்டு பக்கமும் எழுத்து.

"நாப்பத்தொண்ணுங்க டீச்சர். இது வண்டிங்களா? பிரேக்கை மிதிச்சா தூளியில போட்ட பிள்ளையாட்ட ஆடுது."

"சரிங்ணா."

"மழை கொட்டுது, ரோடு நனைய மாட்டேங்குது. வைப்பர் ஆடுது, தண்ணி அப்படியே நிக்குது. கண்ணாடியில பின்னாடி ஒருத்தனும் இல்ல. ஆனா பின்னாடி வந்து ஒருத்தன் இடிக்கறான். எங்கிருந்துங்க வந்தான்?"

"ம்."

"மூணாவது வளைவுல ஒரு காக்கா. பத்து நாளா அந்தரத்துல நிக்குது. கை தட்டறவன் பூராப் பேரும் ஒரே ஆளு, ஒரே நீலச் சட்டை. கியரை மாத்தினா சத்தம் அடுத்த தெருவுல இருந்து வருது. எப்படிங்க ஓட்டறது? இருபது வருஷம் லாரி ஓட்டினவனுங்க நான்."

சுகந்தி தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"வீட்டுல ரசத்துக்கும் இப்படித்தான் நம்பர் போடுவீங்களா அண்ணா? அண்ணி பாவம்."

"விளையாடாதீங்க டீச்சர். எரிச்சலா வருது."

"எல்லாம் எழுதிட்டீங்களா? ஒண்ணும் விட்டுப் போகலையே?"

"ஒண்ணுகூட விடல."

"ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க."

மாரப்பன் சீட்டில் உட்கார்ந்தார். காக்காவைத் திட்டிக்கொண்டே போனார். ஏழாவது வளைவு வந்தது. இடது பக்கம் நீளமாக ஒரு சுவர். அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டியைச் சுவரின் மேல் சாய்த்தார். வண்டி சுவரைத் தேய்த்துக்கொண்டே வழுக்கிப் போய் வளைவின் அந்தப் பக்கம் வந்தது. கீறல் இல்லை. வேகமும் குறையவில்லை.

"பாத்தீங்களா, இங்கதான் ஒரு நொடி பிடிக்கறேன்" என்றார்.

சுகந்தி தன் பேனாவை மூடி வைத்தாள். பகல் முழுக்க மற்றவர்களுக்குப் பழக்கினாள். தாள் அவள் கையிலேயே இருந்தது. மாரப்பன் நான்கு தடவை வந்து கேட்டார்.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பலாங்ணா."

"அஞ்சு மணிங்க டீச்சர்!"

நாலரை மணிக்கு அவள் கார் சாவியை எடுத்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய மாருதி நின்றது. மைதானத்தைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர். மாரப்பனை ஓட்ட உட்கார வைத்தாள். தான் இடது பக்கம் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"சுவர் ஓரமாவே போங்க. அந்த மூலையில ஏழாவது வளைவு மாதிரியே திருப்புங்க."

"எதுக்குங்க இப்போ? நேரம் ஆகுது."

"ஓட்டுங்ணா."

அவர் முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். வேகம் ஏறியது. மூலை வந்தது. சுவர் அவள் பக்கக் கண்ணாடியை நெருங்கியது. அவள் நகரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

மாரப்பன் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்.

"ஏண்ணா நிறுத்திட்டீங்க?"

அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னங்க டீச்சர் கேக்கறீங்க? சுவருங்க!"

"திரையில இருக்கறதும் சுவர்தானுங்களே."

மாரப்பன் ஸ்டியரிங்கை விடவில்லை. பிறகு ஒரு கையை நீட்டி அவளிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். நாற்பத்தொன்றுக்குக் கீழே, அவருடைய எழுத்து இல்லாத எழுத்தில், நாற்பத்திரண்டு என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"இது எப்பப் போட்டீங்க?"

"காலையில. நீங்க அந்தச் சுவரைத் தேய்ச்சுட்டுப் போனப்போ."

"நீங்களே எழுதி அனுப்பியிருக்கலாமே."

"குறை சொன்னது நீங்களாச்சே."

அவர் தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"இதையும் எழுதினா, ஞாயித்துக்கிழமை நான் முதல்ல வருவேனுங்களா டீச்சர்?"

சுகந்தி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"மணி நாலே முக்கால் ஆச்சுங்ணா."