நாள்காட்டி லைப்ரரியை எழுதியவர்

கோவை மென்பொருள் கம்பெனி ஒன்றின் தலைமைப் பொறியாளர் வரதராஜுலு. அங்கே ஓடும் நாள்காட்டி லைப்ரரி என்ற நிரல் தொகுப்பைத் தானே எழுதியதாக வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

வெளியார் எழுதிய லைப்ரரிகளைப் பட்டியல் போட வந்த தற்காலிக ஊழியர் செண்பகம், அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டாள்.

பட்டியலைப் பார்க்க வந்திருந்த வாடிக்கையாளர் முன்னாலேயே வரதராஜுலு சீறினார். “ஏம்மா, நான் எழுதினதை ஊரான் எழுதினதுன்னு போடுவியா? இப்பவே என் பேருக்கு மாத்து. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

“மாத்திடறேன் சார். வெளியார் லைப்ரரின்னா பிழையை அவங்க பாத்துப்பாங்க. நம்மதுன்னா எழுதினவரே ஒரு வாரத்துல சரிபண்ணணும்னு நீங்கதானே விதி போட்டீங்க? இதுமேல இணையத்துல இருநூத்திப்பத்து புகார் இருக்கு. அத்தனையும் உங்க பேர்ல ஏத்திடட்டுமா?”

“அப்ப அடுத்த வாரம் முடிஞ்சிடும்?” என்று வாடிக்கையாளர் பேனாவைத் திறந்தார்.

வரதராஜுலுவின் காது மடல் சிவந்தது. அதில் ஒரு பிழையைக்கூடத் தீர்க்க அவருக்குத் தெரியாது.

“வேண்டாம்மா. வெளியாள் எழுதினதுதான்.”

“நம்ம கோப்புல எழுதினவர் பேரை யாரோ அழிச்சிருக்காங்க சார். என்ன பேர் போடட்டும்?”

அழித்தவருக்குத் தெரியாதா? தலை நிமிராமல் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். வாடிக்கையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.