‘வாங்க’ சொல்லாத கடை

ஆவுடையப்பன் கடையில் யாரையும் ‘வாங்க’ என்று சொல்வதில்லை.

மரியாதை தெரியாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருபத்தாறு வருடமாக அவர் விற்பது கோடித்துணி, மண்கலயம், பன்னீர், பாடை கட்ட மூங்கில், கயிறு. அந்தப் படியேறி வருகிறவரைப் பார்த்து எந்த வாயால் ‘வாங்க’ என்பது? ஆள் வந்தால் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பார். கேட்டதைக் கொடுப்பார். அவர்கள் படியிறங்கித் தெருவில் கலக்கும்வரை உட்கார மாட்டார். ‘போய்ட்டு வாங்க’ என்பதும் கிடையாது. சாவு வீட்டுக்கு அவராக ஒருநாளும் போனதில்லை. தேடி வந்தால் கொடுப்பார், அதோடு சரி.

கொஞ்ச நாளாகக் கடை காற்று வாங்கியது. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்து, லாரிகளெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலிக்கென்று தனிப் பிரிவு திறந்து, கெட்டிக்கார டாக்டர் ஒருவரும் வந்துவிட்டார். ஊரே சந்தோஷப்பட்டது. ஆவுடையப்பன் மட்டும் காலையில் கடையைத் திறந்து, சாயங்காலம் வரை ஈ ஓட்டிவிட்டு அடைத்தார். அந்தக் கடையை விட்டால் அவருக்கும் அவர் மனைவிக்கும் வேறு சோறு இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவரைப் புது வேலைக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

குழப்பம் வந்தால் அவர் போகிற இடம் ஒன்றுதான். வடிவம்மாவின் வீடு.

வடிவம்மா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, கடைசி நாட்களில் யாருமற்றுப் போனவர்களைத் தன் வீட்டில் கட்டில் போட்டுக் கிடத்திப் பார்த்துக்கொள்கிறார். உபதேசம் எதுவும் செய்ததில்லை. ஆனாலும் ஆவுடையப்பனுக்கு அவர்தான் குரு. இவர் அவரை ‘அம்மா’ என்பார். அவர் இவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

அன்றைக்கு ஆவுடையப்பன் போனபோது வடிவம்மா கட்டிலில் கிடந்த ஒருவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, கடைக்கு ஒரு விளம்பர ஆலோசகரை வைக்கலாம்னு பாக்கேன். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் வச்சாரு. இப்ப அங்க நிக்க இடமில்ல.”

“அவரு என்ன செய்வாரு?”

“ஆள் வர வைப்பாரு.”

“உங்க கடைக்கா?”

“ஆமா.”

வடிவம்மா அடுத்த விரலைப் பிடித்தார்.

“எங்கேருந்து அண்ணாச்சி?”

கேலி செய்கிறார் என்று ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டார். மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆலோசகருக்கு ஃபோன் போட்டார்.

ஆலோசகர் பெயர் சுதர்சன். மதுரைக்காரர். குறை சொல்ல முடியாத மனிதர். ஒரு நாள் முழுக்கக் கடை மூலையில் உட்கார்ந்து பார்த்தார். அன்று வந்தது ஒரே ஒருவர்.

“சார், தப்பா நினைக்காதீங்க. வர்றவங்ககிட்ட நீங்க பேசுறதே இல்லை.”

“இந்தக் கடையில அப்படித்தான் தம்பி.”

“எந்தக் கடைன்னாலும் கடைதான் சார். ‘வாங்க’ன்னு கூப்பிடுங்க. இதமா நாலு வார்த்தை பேசுங்க. எங்க போனாலும் கிளம்பும்போது சொல்லிக்கிட்டுக் கிளம்புங்க. அப்பதான் மனசுல நிப்பீங்க.”

“சரி.”

“ரெண்டாவது விஷயம். தேவை குறைஞ்சுபோச்சு. அதை நாம கூட்ட முடியாது.” இதைச் சொன்னதும் சுதர்சனுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “இருக்கிறதுல யார் முதல்ல போய் நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் வியாபாரம். இத்தனை வருஷம் நீங்க காத்துக்கிட்டு இருந்தீங்க. இனிமே நீங்க போகணும்.”

சட்டைப் பைக்கு மேலே கடைப் பெயர் தைத்த வெள்ளைச் சட்டை வந்தது. விசிட்டிங் கார்டு வந்தது. வார்டு ஊழியர் ஒருவரிடம் பேசி வைத்தார்கள். உயிர் போனால் முதலில் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும், அடுத்து ஆவுடையப்பனுக்கு. நான்கு நாள் அவர் கண்ணாடி முன்னால் நின்று, ‘வாங்க, வாங்க’, ‘போய்ட்டு வாரேன்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகினார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரு வந்திருக்கா?” என்றாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஃபோன் வந்தது. பெண்கள் வார்டு. பெயர் பிரமு. நெல்லுக்கடைத் தெரு. வீட்டில் கணவர் மட்டும்தான், பெயர் நம்பிராஜன்.

ஆவுடையப்பன் சைக்கிளை வேகமாக மிதித்தார். வேறு யாரும் முந்திவிடக் கூடாது என்பதுதான் அவர் நினைப்பெல்லாம்.

நம்பிராஜன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். குளித்துத் திருநீறு பூசி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கோலத்தில் கதவைத் திறந்தார். கையில் தூக்குச்சட்டி இருந்தது.

“வாங்க,” என்றார்.

வாசலில் ஆள் நின்றால் வாய் தானாகச் சொல்கிற வார்த்தை அது. பிறகுதான் வந்திருப்பது யார் என்று பார்த்தார். சட்டையில் எழுதியிருந்ததைப் படித்தார். திரும்பவும் முகத்தைப் பார்த்தார்.

ஆவுடையப்பனுக்கு விஷயம் புரிந்தது. வார்டு ஊழியர் முறையை மாற்றிவிட்டார். இந்த மனிதருக்கு இன்னும் தெரியாது.

“காலையில கஞ்சி கேட்டா,” என்றார் நம்பிராஜன். “உப்பைக் குறைச்சுப் போடச் சொன்னா.”

ஆவுடையப்பன் சட்டையிலிருந்த எழுத்தைக் கையால் மறைத்தார்.

“அண்ணாச்சி, நீங்க தெரு மாறி வந்துட்டீயளோ?”

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பெண்டாட்டி உள்ளவராக நடந்திருப்பார். அவள் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டிருப்பார். அது அப்போது தோன்றவில்லை. ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

“வேற வீடுதானே அண்ணாச்சி? நெல்லுக்கடைத் தெரு ரெண்டு இருக்குல்லா?”

அந்த ஊரில் நெல்லுக்கடைத் தெரு ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

நம்பிராஜன் அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கஞ்சி இன்னும் சூடாக இருந்ததால் வேட்டியை மடித்து அதன் அடியில் கொடுத்தார். பிறகு, “எல்லாத்தையும் நீங்களே பாத்துருங்க,” என்றார்.

சுதர்சன் சொன்னது பலித்துவிட்டது. முதலில் போய் நின்றவருக்கு வியாபாரம் கிடைத்தது.

அங்கே நிற்க மாட்டாமல் ஆவுடையப்பன் திரும்பினார். நான்கு நாள் பழகிய நாக்கு, கேட்காமலே புரண்டது.

“அப்ப, போய்ட்டு வாரேன்.”

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து போவதுதான் முறை. ‘வாரேன்’ என்று சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இதைச் சின்னப் பிள்ளைகூடச் செய்யாது. இருபத்தாறு வருடம் அந்தத் தொழிலில் இருந்த மனிதர் செய்துவிட்டார். தெருமுனைக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே வடிவம்மா வீட்டுக்குப் போனார்.

வடிவம்மா நிலைப்படியிலேயே அவரைக் கைகாட்டி நிறுத்தினார்.

“சட்டையைக் கழட்டிட்டு உள்ள வாங்க அண்ணாச்சி. இங்க படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க.”

ஆவுடையப்பன் சட்டையைக் கழற்றி, எழுத்து வெளியே தெரியாமல் சுருட்டி, சைக்கிள் கேரியரில் வைத்தார். பனியனோடு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போதே தேம்பினார்.

“எழவு வீட்டு வாசல்ல நின்னு ‘போய்ட்டு வாரேன்’னு சொல்லிட்டேம்மா. இதுக்கு என்ன பரிகாரம்?”

“‘வாரேன்’னு சொன்னதுக்கு இவ்வளவு அழுதீய,” என்றார் வடிவம்மா. “போனதுக்கு?”

ஒரு கட்டிலில் யாரோ இருமினார்கள். வடிவம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார்.

“அந்த ஆலோசகரை நாளைக்கே நிறுத்திருதேன்.”

“அவரு என்ன செய்வாரு? நீங்க கேட்டதுக்கு வழி சொன்னாரு.”

“இனிமே எந்த வாசலுக்கும் போக மாட்டேன். பழையபடி கடையிலயே இருக்கேன். தேவைப்பட்டவங்க தேடி வரட்டும்.”

“ம்.”

“ஆனா வர்றது நாளுக்கு நாள் குறையுதும்மா. இப்படியே போனா, ஒருத்தருமே வராத நாள் ஒண்ணு வந்துரும். அன்னைக்கு நானும் என் வீட்டுக்காரியும் என்ன செய்ய?”

வடிவம்மா கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

“அந்த நாள் வரணும்னுதான் நான் தெனமும் வேண்டிக்கிட்டு இருக்கேன், அண்ணாச்சி.”