ஒரு டீ குடிக்கும் நேரம்

"சக்கரம் விட மாட்டேங்குது, அம்மணி," என்றார் ஏகாம்பரம். "பிடிச்சா பிடிச்சதுதான்."

ஜெய்த்தூன் குனிந்த தலை நிமிரவில்லை.

"யாரு கை வச்சது?"

"நான்தான். முன்சக்கரத்துக்குப் புது பிரேக் பேட் போட்டு எட்டு நாளாச்சு. அன்னிக்கிலிருந்து இழுக்குது. மூணு தடவை கழட்டி மாட்டிட்டேன்."

"மூணு தடவையா?" என்றார் ஜெய்த்தூன், துக்க வீட்டில் இறந்தவரின் வயதைக் கேட்பவரைப் போல.

மலையடிவாரத்தில் பிரேக்குக்கு மட்டுமே பட்டறை வைத்திருந்தார் ஜெய்த்தூன். வயது முப்பத்தெட்டு. ஏகாம்பரத்துக்கு அவரைவிட இருபது வயது கூட. இருந்தாலும் அந்த வட்டாரத்தில் தோற்றுப்போன மெக்கானிக்குகள் வந்து நிற்கிற வாசல் அது ஒன்றுதான்.

ஜெய்த்தூன் ஒருமுறை ஒரு வண்டியின் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டு, ஓட்டுநருக்கும் அவர் மாமியாருக்கும் ஆகாது என்று சொன்னாராம். கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஓட்டுநர் மறுநாளே தனிக்குடித்தனம் போனது மெய்.

ஏகாம்பரம் முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் கிடந்தவர். ரெண்டு வருஷமாகத்தான் மலைமேல் கடை போட்டு கார், வேன், ஜீப் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வேறு மெக்கானிக் கிடையாது.

இன்று அவர் கொண்டுவந்தது பள்ளிக்கூட வேன். பிள்ளைகளை ஏற்றாமல், தனி ஆளாக, ஊர்ந்து ஊர்ந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியிருந்தார்.

"ஒரு வேனுக்காக யாரும் இப்படி முகம் வத்திப்போய் வர மாட்டாங்க," என்றார் ஜெய்த்தூன். "வேற என்னங்ணா?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

"போன மாசம் ஒரு ஜீப்பு."

"பொன்னுரங்கம் ஓட்டினதா?"

"அதுக்கும் நான்தான் பேட் மாத்தினேன். நாலாம் நாள் முப்பத்தோராவது வளைவுல திரும்பாம நேரா பள்ளத்துல போயிட்டான். ஆளு பொழைக்கலை."

"போலீஸ்ல என்ன சொன்னீங்க?"

"வண்டியில குறையில்லீங்க, வேகமா வந்திருப்பான்னு."

"வேகமா ஓட்டுற ஆளா?"

"மாட்டு வண்டிக்கு ஒதுங்கி வழி விடுறவன்."

ஏகாம்பரம் வேனின் பக்கம் திரும்பினார்.

"அவனா, நானான்னு தெரியணும், அம்மணி. அதுக்குத்தான் வந்தேன்."

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? சக்கரத்தைக் கேளுங்க."

ஜெய்த்தூன் ஒரு சொம்புத் தண்ணீரோடு எழுந்தார். வலது முன்சக்கரத்தில் தெளித்தார். தண்ணீர் வழிந்தது. இடதில் தெளித்தார். தோசைக்கல்லில் விட்டது போலச் சுர்ரென்று ஆவியானது.

ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைத் தூக்கினார்.

"சுத்துங்க."

ஏகாம்பரம் இரண்டு கையாலும் முக்கிப் பார்த்தார். அசையவில்லை.

ஜெய்த்தூன், மேலிருந்து பிரேக் எண்ணெய் கொண்டுவரும் இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருகிற இடத்தில் இணைப்பைத் தளர்த்தினார்.

"இப்ப?"

அசையவில்லை.

இணைப்பை மறுபடி முறுக்கிவிட்டு, ஹோஸின் கீழ் முனையில் இருக்கும் காலிப்பருக்கு வந்தார். இரண்டு பேடையும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்வி அது. எண்ணெயை வெளியே விடும் அதன் நிப்பிளை ஒரு சுற்று திறந்தார். பிரேக் எண்ணெய் பீச்சி அடித்தது.

"இப்ப?"

சக்கரம் ராட்டினம் போலச் சுற்றியது.

"மேல திறந்தா விடலை. கீழ திறந்தா விடுது," என்றார் ஜெய்த்தூன். "நடுவுல என்ன இருக்கு?"

"ஹோஸ்." ஏகாம்பரம் அதைத் தடவிப் பார்த்தார். "ஆனா இது நல்லாத்தானே இருக்கு? ஒரு கீறல் இல்லை."

"சரி. பேட் எப்படி மாத்துவீங்க? மாத்திக் காட்டுங்க. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க."

ஏகாம்பரம் சக்கரத்தைக் கழற்றினார். இரண்டு போல்ட்டை உருவினார். காலிப்பரை இழுத்து எடுத்துக் கையை விட்டார். அது ஹோஸிலேயே தொங்கி, இப்படியும் அப்படியும் ஆடியது.

கையைத் துடைத்துக்கொண்டு எதிரே இருந்த கடையைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை?"

"ஒண்ணுமில்லை. இதைக் கழட்டினதும் ஒரு டீ குடிக்கிறது வழக்கம். சூடு ஆறட்டும்னு."

"இன்னிக்கு நான் குடிச்சிட்டு வரேன்."

ஜெய்த்தூன் ஹோஸைக் கழற்றி எடுத்தார். காலிப்பரில் ஒரு கம்பியைக் கட்டினார். ஏகாம்பரத்தின் வலது சுண்டுவிரலில் மாட்டினார்.

"கையை நீட்டி வைங்க. நான் வர்ற வரைக்கும் இறக்கக் கூடாது."

"என்ன விளையாட்டு இது?"



கடைக்குப் போன ஜெய்த்தூன் டீயை ஊதி ஊதிக் குடித்தார். ஒரு வடை கேட்டார். வடை ஆறிப்போனது என்று கடைக்காரரோடு சண்டை போட்டார். பேப்பரை முன்னும் பின்னும் படித்தார். வரி விளம்பரங்களைக்கூட விடவில்லை.

ஏகாம்பரத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. பிறகு விரல் நீலமாகி, வியர்வை கண்ணில் இறங்கியது. கையை மட்டும் அவர் இறக்கவில்லை.

ஜெய்த்தூன் திரும்பி வந்தார்.

"எப்படிங்ணா இருக்கு?"

"விரலே செத்துப்போச்சு, அம்மணி."

"அதைச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்கு."

பிளேடை எடுத்து ஹோஸை நீளவாக்கில் கிழித்து, மீன் வயிற்றை விரிப்பது போல விரித்தார். வெளியே புதுசு. உள்ளே ரப்பர் தோல் உரிந்து, நாக்கு மாதிரி குறுக்கே கிடந்தது.

ஏகாம்பரம் அந்த நாக்கை நகத்தால் தள்ளினார். ஒரு பக்கம் மடங்கியது. மறுபக்கம் தள்ளினார். ஓட்டையை மூடிக்கொண்டது.

"மிதிச்சா எண்ணெய் உள்ள போகும்," என்றார் மெதுவாக. "காலை எடுத்தா திரும்பி வராது."

"வராது."

"பிடிச்சபடியே ஓடும். காயும். எண்ணெய் கொதிச்சிரும்."

"கொதிச்சா?"

"மிதி தரையைத் தொடும். பிரேக் இருக்காது."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "லாரியில எல்லாம் டிரம் பிரேக்குதான், காலிப்பர் கிடையாது. தொங்குறதுக்கு ஒண்ணுமே இருக்காது," என்றார். "இதைக் கம்பி போட்டு மேல கட்டி வைக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலை."

"யாரைக் கேட்டீங்க?"

அவர் யாரையும் கேட்டதில்லை.

"ரெண்டு வருஷத்துல மேல எத்தனை வண்டிக்குப் பேட் மாத்தினீங்க?"

ஏகாம்பரம் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். சுண்டுவிரல் மடங்கவில்லை.

பள்ளிக்கூடம் விடும் நேரம். சந்தைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம். மலையிலிருந்து இறங்கும் கடைசி வளைவில் ஒரு ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது.

ஏகாம்பரம் எழுந்தார். கிழிந்த ஹோஸைக் கையில் பிடித்தபடி போய் நடுரோட்டில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கினார்.

"தள்ளி நில்லுங்ணா!" பட்டறைக்குள்ளிருந்து ஓடிவந்தபடி ஜெய்த்தூன் கத்தினார். "நீங்க பேட் மாத்தின வண்டியா இருந்தா நிக்காது!"

"தெரியும், அம்மணி," என்றார் ஏகாம்பரம்.