சென்னியப்பன் காரின் எஞ்சின் விளக்கு

“எல்லாம் பார்த்துட்டேங்கம்மா. விளக்கு மட்டும் அணைச்சாலும் மறுபடி எரியுது” என்றார் சென்னியப்பன்.

எந்த விளக்கு என்று குருவம்மா கேட்டார்.

கார் விளக்கு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்டு ஒன்று இருக்குமே, அது. எஞ்சினில் கோளாறு என்றால் எரியும். என்ன கோளாறு என்று அது வாயைத் திறந்து சொல்லாது.

சென்னியப்பன் நூற்பாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவம்மா அவரைவிட இருபது வயது இளையவர். தாராபுரம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வந்து உட்காருவார்கள், தங்கள் கவலைக்கு வழி கேட்பார்கள். பாதிப் பேருக்குப் பதில் கிடைக்காது. ஆனாலும் மறுவாரம் வந்துவிடுவார்கள். அது என்ன வசியமோ.

“விளக்கு எரியறப்ப வண்டி ஓடுதுங்களா?”

“ஓடுதுங்க. கொஞ்சம் உதறும்.”

“நீங்க அணைச்சுட்டா?”

“அப்பவும் ஓடுது. ரெண்டு நாள்ல மறுபடி எரியுது.”

குருவம்மா தலையாட்டிவிட்டு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

சென்னியப்பனுக்கு எரிச்சல் வந்தது. வராதா பின்னே? மருமகள் மிருதுளாவுக்கு ஒன்பதாம் மாதம். அம்மா இல்லாத பெண். தலைப்பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு கிடையாது. மஸ்கட்டிலிருக்கும் மகனிடம், “எங்க வீடே அவளுக்குத் தாய்வீடு, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லி அவளைக் கூட்டி வந்திருந்தார். ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தொலைவு. நடுவில் கருவேலங்காடும் காற்றாலைகளும்தான். அங்கே வண்டி நின்றால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. 

ஒர்க்‌ஷாப்பில் விடக் கூடாதா என்று கேட்கலாம். கேட்டுப் பாருங்கள். ஸ்பேனரைத் தொட்டுப் பிழைத்தவனுக்கு அடுத்தவன் ஸ்பேனர்மேல் நம்பிக்கை வராது.

ஆகவே வீட்டிலேயே பார்த்தார். காரில் சொருகினால் கோளாறைக் கைபேசியில் காட்டும் கருவி ஒன்று வாங்கினார். ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அது சொன்னது. பிளக்கை மாற்றினார். ஏர் ஃபில்டரை மாற்றினார். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார். வேறு பங்க்கில் பெட்ரோல் போட்டார். ஒவ்வொரு தடவையும் கைபேசியில் தட்டி விளக்கை அணைத்தார். அது அழையாத விருந்தாளி மாதிரி திரும்பத் திரும்ப வந்தது.

மறு ஞாயிறு இதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

“இவ்வளவுதானுங்களா?” என்றார் குருவம்மா.

“இவ்வளவுதானுங்க.”

“வேற ஒண்ணும் செய்யலீங்களா?”

இன்னும் ஏதோ மாற்ற வேண்டும் என்கிறார் போல, என்று புரிந்துகொண்டு சென்னியப்பன் போய் ஒரு சென்சார் வாங்கி மாட்டினார். விளக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை குருவம்மாவே வீட்டுக்கு வந்தார். மிருதுளாவைப் பார்த்தார். சென்னியப்பனின் மனைவி ருக்குமணி கொடுத்த மோரைக் குடித்தார். பிறகு போர்ட்டிகோவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க தினமும் காலைல இதுக்கு என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க. நான் சும்மா பார்த்துட்டு இருக்கேன்.”

சென்னியப்பன் செய்தார். கண்ணாடியைத் துடைத்தார். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். பானட்டைத் தூக்கி ஆயில் பார்த்தார், தண்ணீர் பார்த்தார். கருவியைச் சொருகி, விளக்கை அணைத்தார்.

குருவம்மா எழுந்திருக்கவில்லை.

சென்னியப்பன் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பும் வேப்பங்கொத்துமாக வந்தார். சொம்பில் மஞ்சள் தண்ணீர். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். கொத்தை முக்கி, நான்கு சக்கரத்திலும் தெளித்தார். அப்புறம் முன்பக்கம் வந்து, திறந்திருந்த எஞ்சின்மேல் மூன்று தரம் நன்றாகத் தெளித்தார். மிச்சம் இருந்ததையும் அதன் தலையிலேயே ஊற்றப் போனார்.

“இது எப்ப இருந்துங்க?”

“மிருதுளா வந்த மறு வெள்ளியில இருந்துங்கம்மா. முதல்ல வெள்ளிக்கு வெள்ளிதான். விளக்கு எரிய ஆரம்பிச்சதும் பயமாப் போச்சு. தினமும் செய்யறேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லீங்களே.”

“இது பூஜைங்கம்மா. ரிப்பேர் கணக்குல எப்படி வரும்?”

குருவம்மா எஞ்சினிலிருந்து சொட்டிய மஞ்சள் தண்ணீரைப் பார்த்தார்.

சென்னியப்பனின் கை சொம்போடு அப்படியே நின்றது. 

சொம்பைக் கீழே வைத்தார். எஞ்சின்மேல் குனிந்து, பிளக்குக்கு மின்சாரம் போகும் கனெக்டரைப் பிடுங்கினார். உள்ளே ஈரம். பித்தளைக் கம்பிகளில் பச்சைக் களிம்பு. சுற்றிலும் மஞ்சள் கறை. பிளக் மாற்றிய அன்றே அந்தக் கறை கண்ணில் பட்டிருந்தது. ஏதோ ஆயில் என்று துணியால் துடைத்துவிட்டிருந்தார். முப்பது வருஷம் நூற்பாலையில் மிஷின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதற்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பார்.

அவருக்கு அழுகை வந்தது. அழவில்லை, அது வேறு விஷயம்.

“பயந்தா மனுஷன் வேற என்னதானுங்கம்மா செய்வான்?”

குருவம்மா எழுந்து சொம்பை எடுத்தார். நடந்து போய் மதிலோரம் நின்ற வாழைக்கு ஊற்றினார். வெறும் சொம்பை ருக்குமணியிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கனெக்டரைச் சுத்தம் செய்து, காயவைத்து, மாட்டினார் சென்னியப்பன். விளக்கை அணைத்தார். இரண்டு நாள் ஆயிற்று, வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, வரவில்லை. வண்டியின் உதறலும் போயிற்று. ஞாயிறன்று குருவம்மாவிடம் போய் விழுந்து கும்பிட்டார்.

“இனிமே எரியாதில்லீங்களா?”

“எரிஞ்சாலும் எரியும்.”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. போற வழியில எரிஞ்சுட்டா?”

“எரியட்டும்” என்றார் குருவம்மா. அடுத்த ஆள் பக்கம் திரும்பிவிட்டார்.

இது என்ன பதில் என்று புலம்பிக்கொண்டே சென்னியப்பன் வீடு வந்தார். ருக்குமணியிடமும் சொல்லிப் புலம்பினார். அவர், “கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்காங்க, உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிருதுளாவுக்கு வலி எடுத்தது.

பின் சீட்டில் ருக்குமணியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். சென்னியப்பன் சாவியைத் திருப்பினார். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைந்தன. எஞ்சின் விளக்கும் எரிந்தது, அணைந்தது. வண்டி கிளம்பியது.

ஊர் எல்லை தாண்டியதும் ஒரு தரம் குனிந்து பார்த்தார். எரியவில்லை. கருவேலங்காடு வந்தது. மறுபடி பார்த்தார். எரியவில்லை. பின்னால் மிருதுளா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.  விளக்கு இருக்கும் அந்த இடத்தையே பார்த்தார். இருட்டாகத்தான் இருந்தது. வரப்போகிறதோ என்று இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

எதிரே காற்றாலை இறக்கையை ஏற்றிய நீளமான லாரி ஒன்று வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

மிருதுளா ஒரு வலி முடிந்து மறு வலி வருவதற்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“மாமா, ரோட்டைப் பாருங்க.”