ரப்பர் பட்டனுக்கு ரெண்டு மார்க்

"எந்தக் கம்ப்யூட்டர் உசத்தி டீச்சரம்மா? ஸ்பெக்ட்ரமா, காமடோரா, பிபிசியா? இன்னைக்குச் சொல்லியே ஆகணும்!"

மாடிப்படி ஏறி வந்த மூச்சு வைகுண்டம் அண்ணாச்சிக்கு இன்னும் அடங்கவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் சரக்கு ஆபீஸில் கிளார்க். வயசு நாற்பத்தெட்டு.

ரெஜினா டீச்சருக்கு இருபத்தாறு. அந்த எண்பதுகளில் தெருவிலேயே வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். ஆகவே அவள் குரு, இவர் சிஷ்யர். வயசைப் பார்த்தால் வித்தை வருமா?

"அப்படி என்ன அவசரம் அண்ணாச்சி?"

"சிங்கப்பூர் மச்சான் இருபதாம் தேதி கிளம்புதாரு. ஒண்ணே ஒண்ணுதான் கொண்டு வர முடியும். எதுன்னு நாலு மணித் தபால்ல எழுதிப் போடணும். விட்டோம்னா போன தடவை மாதிரி கோடாலித் தைலம்தான்!"

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பத்து மாசமாகப் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்துப் போட்ட பட்டியல். ஒவ்வொரு குணத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க்.

"காமடோருக்கு நினைவு அறுபத்துநாலு கே. பாட்டு வேற பிரமாதமா வாசிக்குமாம். ஆனா அதுல புரோகிராம் எழுதுத பேசிக் மொழி கொஞ்சம் மட்டம். பிபிசிக்கு மொழி சுத்தம், பட்டனெல்லாம் கெட்டி. நினைவுதான் முப்பத்திரண்டோட நின்னுபோச்சு. ஸ்பெக்ட்ரம்..."

குரலைத் தாழ்த்தினார். டீச்சரின் மேசையில் இருந்தது ஸ்பெக்ட்ரம்தான்.

"திரையில ஒரு நிறம் இன்னொண்ணு மேல வழியுதாம். பட்டன் ரப்பராம். அதுக்கு ரெண்டு மார்க்தான் போட்டேன். கோவிச்சுக்காதீங்க."

டீச்சர் எழுந்து நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. மார்க்கை இதுவே கூட்டட்டும்."

"நானா? ஐயோ, நான் ஒரு கம்ப்யூட்டரையும் தொட்டதே இல்லையே!"

"அதான் உக்காரச் சொல்லுதேன்."

பிரின்ட் என்ற கட்டளையை அடிக்க முதல் எழுத்தை அமுக்கினார். முழு வார்த்தையும் டிவித் திரையில் வந்து குதித்தது. ஆபீஸ் டைப்ரைட்டர் பழக்கதோஷம், மிச்ச எழுத்துகளையும் அடித்து வைத்தார். வரி முடிந்ததும் ஒரு கேள்விக்குறி கண் சிமிட்டியது.

"ஏயப்பா! ஏத்துக்க மாட்டேங்குதே!"

"ஒரு தட்டுக்கே முழு வார்த்தையும் தரும் அண்ணாச்சி. நீங்க கூடுதலா உழைக்காதீங்க."

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வரி, இன்னொரு வரி. தப்பு, திருத்தம், மறுபடி தப்பு. காபி ஆறிப்போனது. மத்தியானச் சாப்பாடு என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோனது. மூன்றரை மணிக்குப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தார்.

முதலிடம் காமடோர். அடுத்தது பிபிசி. கடைசி ஸ்பெக்ட்ரம்.

"வந்துட்டு! டீச்சரம்மா, வந்துட்டு!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் சொன்னதை அப்படியே கேட்டுச்சு! பாத்தீங்களா?"

"பாத்தேன். தன்னைக் கடைசியில போடணும்னாலும் ஒரு மார்க் கூடக் குறையாமக் கூட்டிருக்கு."

அண்ணாச்சி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, எழுதுங்க. தபால் போயிரும்."

ஏர்மெயில் கவரை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார்.

"அண்ணாச்சி, பட்டன் எப்படி இருந்துச்சு?"

"எந்தப் பட்டன்?"

டீச்சர் ரப்பர் பட்டன்களைக் கண்ணால் காட்டினாள். அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்தார்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தபால்பெட்டியில் கடிதம் விழுந்தது. அதில் இரண்டே வரி:

"மச்சானுக்கு, மூன்றில் எது முதலில் கைக்குக் கிடைக்கிறதோ அதை வாங்கவும். இருபதாம் தேதிக்கு முன்னாலேயே கிளம்ப முடியுமா?"